பனி உருகிய பிறகு வரும் வேலை: டாலஸ் வீடுகளுக்கு, அறிகுறி வாரியாக

டாலஸ் பக்கம் குளிர் வருவதே ஒரு தினுசு. காலையில் அரைக்கைச் சட்டையோடு நடந்த தெருவில் மதியம் வடக்குக் காற்று திரும்பும். இரவுக்குள் முப்பது, நாற்பது டிகிரி இறங்கிவிடும். மறுநாள் புல் நுனி மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு பனி. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, வாட்ஸப் முழுக்கப் படங்கள். மூன்றாம் நாள் வெயில். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ 60 டிகிரி. இங்கே சொல்கிற டிகிரியெல்லாம் ஃபாரன்ஹீட். தண்ணீர் உறைவது 32-இல்.

எல்லோரும் ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகிற அந்த நேரத்தில்தான் வீட்டுக்குள் சேதம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. பைப்புக்குள் பனிக்கட்டி வளரும்போது, கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் பைப் பிளக்கிறது. ஆனால் உறைந்திருக்கும்வரை அந்தக் கட்டியே அடைப்பாக நிற்பதால் ஒரு சொட்டும் வெளியே வராது. உருகியதும் கொட்டும். 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி வரை போனது. அடுத்த வாரமே 60-ஐத் தாண்டிவிட்டது. பிளம்பருக்கு வரிசை நின்றதெல்லாம் உருக ஆரம்பித்த பிறகுதான்.

இந்த ஊர் வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டியவை. பைப்புகள் அட்டிக், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரண், வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் ஓடும். சில வீடுகளில் வாட்டர் ஹீட்டரே அட்டிக்கில்தான். 20 டிகிரிக்குக் கீழே பல மணி நேரம் நீடித்தால் ஆபத்து நிஜம். 30-க்கும் 32-க்கும் இடையே ஓர் இரவு போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

எந்த அறிகுறிக்கும் முன்னால்: மீட்டர் பெட்டி

தண்ணீரை அடைக்கிற இடம் எது என்று தெரியாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள். புது வீடுகளில் கராஜ் சுவரிலோ, வெளிச்சுவர் ஓரமாகப் புதைத்த பெட்டியிலோ மெயின் வால்வு இருக்கும். பழைய வீடுகளில் பல நேரம் தெருவோரம் புல்லுக்குள் இருக்கும் மீட்டர் பெட்டிதான் கதி.

அந்த மூடியை ஒரு தடித்த ஸ்க்ரூடிரைவரால் கிளப்புங்கள். உள்ளே மண் நிரம்பியிருக்கும், சிலந்தி வலை இருக்கும், நெருப்பெறும்பு கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மீட்டரின் முகத்தில் பெரிய முள்ளைத் தவிர, சட்டை பட்டனை விடச் சிறிய ஒரு முக்கோணமோ நட்சத்திரமோ சிவப்பிலோ நீலத்திலோ இருக்கும். வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருக்க, ஐஸ் மேக்கரும் வாஷிங் மெஷினும் ஓடாமலிருக்க, அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கோ தண்ணீர் போகிறது. டிஜிட்டல் மீட்டர் என்றால் டார்ச் அடித்தால் திரை உயிர்பெறுகிற வகையும் உண்டு. அதில் ஓட்ட அளவு பூஜ்யமாக நிற்க வேண்டும்.

மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வைத் திருப்ப, ‘டி’ வடிவத்தில் ஒரு நீளமான சாவி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். குளிருக்கு முன்பே வாங்கி கராஜில் தொங்கவிட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவைத்தால் நல்லது. பனி விழுந்த பிறகு கடையில் அதுதான் முதலில் தீரும்.

ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை

எல்லாக் குழாயும் ஒரேயடியாக நின்றிருந்தால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் நகராட்சிப் பிரச்சினை. உங்களுக்கு மட்டும் என்றால் மீட்டர் பக்கமோ, வீட்டுக்குள் நுழைகிற பைப்போ உறைந்திருக்கிறது. ஒரே குழாயில் இல்லை என்றால் அந்தக் கிளை மட்டும். வெந்நீர் வராமல் பச்சைத் தண்ணீர் மட்டும் வருகிறதா என்றும் பாருங்கள்; எந்த லைன் என்று அதிலேயே தெரிந்துவிடும். அதிகம் மாட்டுவது வெளிச்சுவரை ஒட்டிய சமையலறை சிங்க்தான்.

சிங்க்குக்குக் கீழே கேபினட் கதவைத் திறந்து, பாத்திரம் கழுவும் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, வீட்டுச் சூடு உள்ளே போக விடுங்கள். குழாயைத் திறந்தே வையுங்கள். உருகுகிற தண்ணீருக்கு வழி வேண்டும், ஓடத் தொடங்கினால் மிச்சத்தை அதுவே கரைக்கும். ஹேர் ட்ரையரைக் குழாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, உறைந்த இடத்தை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். நடுவில் ஆரம்பித்தால் உருகிய தண்ணீரோ நீராவியோ இரண்டு கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

கேஸ் டார்ச், மெழுகுவர்த்தி, கொதிநீர் எதுவும் வேண்டாம். சுவருக்குள் இருப்பது மரச் சட்டம்.

முக்கியமானது, உருக்குகிறவர் வீட்டை விட்டுப் போகக்கூடாது. தண்ணீர் திரும்ப வந்ததும் சந்தோஷப்பட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிளந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் போதும். வந்ததும் மீட்டரில் அந்தச் சின்ன முக்கோணத்தைப் பாருங்கள். புது வீடுகளில் இருக்கும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், செப்பு அப்படிக் கொடுக்காது. ஆனால் பெக்ஸிலும் இணைப்புகள் உடையும். ‘எங்கள் வீடு பெக்ஸ்’ என்று நிம்மதியாக உட்கார முடியாது.

வெயில் வந்த நாளில் கூரையில் கறை, அல்லது சொட்டு

இதுதான் பயப்பட வேண்டியது, ஆனால் எல்லாக் கறையும் பைப் உடைந்த கறை இல்லை. எப்படிப் பிரிப்பது?

கறை கண்ணெதிரே பெரிதாகிறது, அல்லது ஷீட்ராக் (உட்கூரைப் பலகை) தொப்பை போல இறங்குகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். மெயினை மூடுங்கள். பிறகு வீட்டிலேயே தாழ்வான குழாய்கள் எல்லாவற்றையும் திறந்து, பைப்பில் மிச்சமிருப்பதைச் சிங்க்குக்குள் இறக்குங்கள். கூரை வழியாக இறங்குவதை விட அது மேல். மின்சார வாட்டர் ஹீட்டர் என்றால் பிரேக்கரை அணையுங்கள். தொட்டி காலியாகிவிட்டால் உள்ளே இருக்கும் காயில் கருகிவிடும். கேஸ் என்றால் ‘பைலட்’ நிலைக்குக் கொண்டு வாருங்கள். அந்த அறையின் மின் பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள், சொட்டு விளக்குக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் என்றால் கட்டாயம்.

தொப்பை விழுந்த இடத்தின் தாழ்ந்த புள்ளியில், கீழே வாளி வைத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு ஸ்க்ரூடிரைவரால் ஒரு சின்னத் துளை போடுங்கள். கூரையை ஓட்டை போடுவதா என்று தயங்காதீர்கள். அந்த ஷீட்ராக் ஏற்கெனவே போனதுதான். துளை இல்லாவிட்டால் பலகையே மொத்தமாகச் சோபா மேல் வந்து விழும்.

மெயினை மூடிய பிறகும் சொட்டு அதே வேகத்தில் பல மணி நேரம் தொடர்கிறதா? அப்படியானால் அது அழுத்தத்தில் வரும் தண்ணீர் இல்லை. பொடிப் பனி காற்றோடு அட்டிக் வென்ட் வழியாக உள்ளே பறந்து, இன்சுலேஷன் மேல் கிடந்து, வெயில் ஏறியதும் உருகியிருக்கலாம். கறை தேநீர் நிறத்தில், உள்ளங்கை அளவில், மறுநாள் வளராமல் காய்ந்து நின்றால் பெரும்பாலும் இதுதான். டார்ச்சோடு அட்டிக்குக்குப் போய், கட்டைகள் மேல் மட்டும் கால் வைத்து, அந்த இடத்தின் இன்சுலேஷனைத் தொட்டுப் பாருங்கள். நனைந்ததை விலக்கிக் காய விட்டால் போதும். ஈரம் ஹீட்டர் யூனிட்டுக்கோ வாட்டர் ஹீட்டருக்கோ அடியில் இருக்கும் தட்டிலிருந்து வந்தால் அது வடிகால் அடைப்பு, வேறு கதை.

பைப் உடைந்ததுதான் என்றால், துடைக்கும் முன் படம் எடுங்கள். பிளம்பர் வெட்டி எடுக்கிற துண்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருகிறவருக்கு அந்தப் பிளவே சாட்சி. உலர்த்துவதை அவர் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். ஈரம் ஒன்றிரண்டு நாள் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஷாப் வேக் (தண்ணீரையும் உறிஞ்சும் வேக்யூம்), மின்விசிறி, டீஹ்யூமிடிஃபையர் எல்லாம் அன்றே ஓடட்டும். இந்த மாதிரி வாரங்களில் கதவைத் தட்டி ‘நாங்கள் பிளம்பர்’ என்று வருகிறவர்களிடம் உரிம எண் கேளுங்கள். டெக்சஸ் மாநில பிளம்பிங் தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

எங்கும் ஈரமில்லை, ஆனால் மீட்டர் சுற்றுகிறது

முதலில் ஸ்பிரிங்க்ளருக்குப் போகும் தனி வால்வை மூடிவிட்டு மீண்டும் பாருங்கள். நின்றுவிட்டதா? கோளாறு தோட்டத்துப் பக்கம். அங்கே தரைக்கு மேலே பித்தளையில், மணி போல ஒரு தொப்பியோடு நிற்கிற பேக்ஃப்ளோ தடுப்பு வால்வுதான் (தோட்டத்துத் தண்ணீர் குடிநீர் லைனுக்குள் திரும்பாமல் தடுப்பது) இந்த ஊரில் முதலில் சாகிற உறுப்பு. நான்கு பக்கமும் காற்று பட நிற்கிறது, உள்ளே தண்ணீரும் நிற்கிறது, பின்னே என்ன ஆகும்? பித்தளை உடம்பில் முடி போல ஒரு கீறலோ, தொப்பிக்கு அடியில் பீய்ச்சலோ தெரியும். மூடி வைத்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. மாற்றுவதற்கு அவசரமும் இல்லை, புல் எப்படியும் தூங்குகிறது.

சுற்றல் நிற்கவில்லையென்றால் கழிவறைத் தொட்டிகளில் கொஞ்சம் உணவு நிறமியை விட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கிண்ணத்தில் நிறம் இறங்கினால் அது பழைய ரப்பர் அடைப்பின் வேலை, குளிரின் மேல் பழி போடாதீர்கள். இரண்டும் இல்லையென்றால் சுவருக்குள் அல்லது தரைக்கடியில். மெயினை மூடிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

வெளிக்குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, மார்ச்சில் திறந்ததும் உள்ளே ஈரம்

பலரும் கோட்டை விடுவது இங்கே. சுவரில் பொருத்திய தோட்டக் குழாய்களில் ஒரு வகை, கைப்பிடி வெளியே இருந்தாலும் வால்வு சுவருக்குள் ஓர் அடி தள்ளி இருக்கும். மூடினால் நடுப்பகுதி காலியாகிவிடும், அதனால் உறையாது. ஆனால் ஹோஸைக் கழற்றாமல் விட்டால் தண்ணீர் வடியாமல் அங்கேயே நின்று, உறைந்து, குழாயின் உடம்பைப் பிளந்துவிடும். பிளவு வால்வுக்கும் குழாய் வாய்க்கும் நடுவே என்பதால், மூடியிருக்கும்வரை மீட்டரும் சுற்றாது. செடிக்குத் தண்ணீர் விடத் திறக்கிற முதல் நாள், தண்ணீர் பாதி வெளியே, பாதி சுவருக்குள்.

சோதனை எளிது. வெயில் வந்த நாளில் ஒருவர் வெளியே குழாயை முழுக்கத் திறந்து, வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடட்டும். நல்ல குழாயில் தண்ணீர் விரலைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சும்; அடைக்கவே முடியாது. விரலால் சுலபமாக அடைத்துவிட முடிகிறது என்றால் தண்ணீருக்கு உள்ளே வேறு வழி கிடைத்திருக்கிறது. இன்னொருவர் சுவருக்கு உள்பக்கம் காதை வைத்து, ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வருகிறதா என்று கேட்கட்டும். சந்தேகம் வந்த நொடியே மூடிவிடுங்கள். எல்லா வெளிக்குழாய்களுக்கும் இதைச் செய்யுங்கள், பின்பக்கம் யாரும் தொடாத அந்த ஒன்றுக்கும் சேர்த்து.

ஹீட்டர் ஓடுகிறது, வீடு சூடாகவில்லை

ஹீட் பம்ப் என்றால், வெளி யூனிட்டில் மெல்லிய வெண்படலமும், அவ்வப்போது விசிறி நின்று புகை போல ஆவி கிளம்புவதும் சகஜம். அது தன் உறைபனியைத் தானே கரைத்துக்கொள்கிறது. தெர்மோஸ்டாட்டில் ‘ஆக்ஸ்’ (துணைச் சூடு ஓடுகிறது) என்று காட்டுவதும் கோளாறில்லை, மின்கட்டணம் மட்டும் ஏறும். மேல் விசிறி உட்பட முழு யூனிட்டும் கட்டி பிடித்து மணிக்கணக்காகக் கரையாமல் நின்றால் ‘எமர்ஜென்சி ஹீட்’டுக்கு மாற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கத்தியால் கொத்தினால் அலுமினியத் தகடும் அதற்குள் இருக்கும் குழாயும் போய்விடும்.

கேஸ் ஃபர்னஸ் பற்றவைத்துச் சில நிமிடத்தில் அணைந்து அணைந்து எரிகிறதா? முதலில் ஃபில்டரைப் பாருங்கள். அடைத்துப்போன ஃபில்டரால் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்பு ஸ்விட்ச் அணைத்துவிடுகிறது. அட்டிக்கில் இருக்கும் புது வகை ஃபர்னஸில் கழிவுநீர் வடிகிற மெல்லிய பைப் உறைந்தாலும் அது நின்றுவிடும். வெதுவெதுப்பான துணியைச் சுற்றினால் கரையும். முதல் நாள் தூசு கருகும் வாசனை பழகிவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் மட்டும் காரணம் தேடாதீர்கள், எல்லோரும் வெளியே. மின்சாரம் போய் ஜெனரேட்டர் வைத்தால் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி. கராஜ் கதவைத் திறந்து வைத்திருப்பது போதாது. கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது.

கராஜ் தரை முழுக்க ஈரம், எங்கும் ஒழுகல் இல்லை

பதறி பிளம்பரைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கிற இடம் இது. குளிர் விலகும்போது வளைகுடாப் பக்கமிருந்து ஈரக் காற்று வரும். கான்க்ரீட் தரை இன்னும் 40 டிகிரியில் கிடக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த மோர்ச் சொம்பு வியர்ப்பது போலத் தரை வியர்க்கும், சில நேரம் குட்டையே நிற்கும். உறுதி செய்ய, ஓர் இடத்தைத் துடைத்து, அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். சில மணி நேரம் கழித்துத் தாளின் மேலே ஈரம் என்றால் காற்றிலிருந்து. அடியில் ஈரம் என்றால் தரையிலிருந்து. முதலாவது என்றால் கராஜ் கதவை மூடி வைத்து ஒரு நாள் பொறுங்கள். வழுக்கும், குழந்தைகளை ஓடவிடாதீர்கள்.

காரில் டயர் விளக்கு

ஒவ்வொரு 10 டிகிரி இறக்கத்துக்கும் டயரில் சுமார் ஒரு பவுண்டு அழுத்தம் குறையும். பரிந்துரைத்த அளவை விட 25 சதவீதம் இறங்கினால் விளக்கு எரியும். நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் குளிர். ஒன்று மட்டும் என்றால் ஆணி. வெயில் வந்து விளக்கு தானே அணைந்தாலும் ஒருமுறை காற்று பாருங்கள், எல்லைக்கு அருகில்தான் இருந்திருக்கிறது.

கண்ணாடி கழுவும் நீர் வரவில்லையென்றால் கோடைக்கான நீலத் திரவம் உறைந்திருக்கிறது. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார்தான் போகும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். பேட்டரி இறப்பதும் இந்தக் காலையில்தான், ஆனால் அதைத் தின்றது ஆகஸ்ட் வெயில்.

உருகும் நாட்களின் காலை ஓட்டம்தான் மோசம். பகலில் உருகி ஓடிய தண்ணீர் இரவில் மேம்பாலங்களில் கண்ணுக்குத் தெரியாமல் உறையும். 2021 பிப்ரவரி 11 காலை ஃபோர்ட் வொர்த்தில் ஐ-35 மேற்கு நெடுஞ்சாலையில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதி ஆறு பேர் இறந்தார்கள். சாலையை மூடுகிற பனியெல்லாம் இல்லை. லேசான உறைமழை, அவ்வளவே. முடிந்தால் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள்.

கறிவேப்பிலை கருகிவிட்டது

நம் வீடுகளில் மீட்டரை விட முதலில் பார்க்கப்படுவது இதுதான். தொட்டியை உள்ளே எடுக்க மறந்து இலையெல்லாம் தொங்கிவிட்டால், உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், உரமும் போடாதீர்கள். வெட்டினால் புதுத் துளிர் கிளம்பும், அடுத்த குளிரில் அதுவும் போகும். டாலஸில் மார்ச் நடு வரை உறைபனி வரலாம். தொட்டியை வெளிச்சமான ஜன்னலோரம் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். மார்ச் கடைசியில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டலாம். தண்டு முழுக்கப் போயிருந்தாலும் வேரடியிலிருந்து கன்று வெடிக்க வாய்ப்புண்டு, மே வரை தொட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

தரையில் வைத்த முருங்கையும் அப்படியே: மேலே செத்தாலும், வேர் மேல் தழைக்கூளம் தடிமனாகக் கிடந்திருந்தால் வெயில் ஏறியதும் கிளம்பும். கற்றாழை மட்டும் விதிவிலக்கு. கொழகொழவென்று ஆனதை உடனே வெட்டி எடுங்கள், விட்டால் அழுகல் அடிவரை இறங்கும்.

செடிகளை மூடிய போர்வைகளைப் பகலில் எடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் என்றால் காலையிலேயே. வெயிலில் உள்ளே வெந்துவிடும். மடித்து அலமாரியில் வைக்க வேண்டாம், கராஜிலேயே கிடக்கட்டும். வெளிக்குழாய்களின் ஃபோம் மூடிகளையும், சோதனை முடிந்ததும் மறுபடி மாட்டி மார்ச் நடு வரை விட்டுவையுங்கள்.